துறையில் நட்ட கொப்பு

ரெய்னோ யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. ரேடியோவில் சொல்லும் வானிலையை நம்பமாட்டான். டாக்டர்களை நம்பமாட்டான். உறைந்த ஏரியின் மேல் பாதை போட்டு, ‘வண்டி போகலாம்’ என்று பலகை நடுகிறார்களே, அவர்களையும் நம்பமாட்டான். தன் கடப்பாரையால் பனிக்கட்டியை நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பான். “இந்த வயசு வரைக்கும் ஏரிக்குள்ள போகாம ஏரிமேலயே நடமாடிக்கிட்டிருக்கேன்னா சும்மாவா?” என்பான்.

மனிதர்களிலேயே அவன் கொஞ்சமும் நம்பாதவன் தாவெத்தி. தாவெத்தி என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏரிக் குடாவுக்கு அந்தக் கரையில் அவன் வீடு, இந்தக் கரையில் இவன் வீடு. சந்தேகப்படுவதற்கு வேறு ஆள் பக்கத்தில் கிடையாது, அவ்வளவுதான்.

மார்ச் மாதத்து ஒரு காலையில் ரெய்னோ பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். ஒரு வாரத்துக்கு மேல் நகரத்தில் இருந்துவிட்டு வருகிறான். அவன் மனைவி சைமாவுக்கு வயிற்றில் கட்டி. போன இலையுதிர் காலத்திலிருந்தே அவள் சாப்பிடுவதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, இன்றைக்கே வந்துவிடுங்கள் என்று திடீரென்று போன் வந்தது. போட்டது போட்டபடி கிளம்பினார்கள். அப்படிப் போட்டது போட்டபடி விட்டுப்போனதில் ஏரியில் கிடந்த தூண்டில்களும் சேர்த்தி.

தூண்டிலைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்காமல் போவது அந்தக் கரையில் பெரிய அவமானம். பிடிபட்ட மீன் நூலின் முனையில் கிடந்து தவித்துச் சாகும். அந்த மீனை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். பஸ்ஸில் போகும்போதே ரெய்னோவுக்கு அது உறுத்தியது. ஆனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது? தாவெத்தியிடமா? வேறு வேலை இல்லையா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் தொல்லை. சைமா சாப்பிட மறுத்தாள். கஞ்சி வந்தது, கஞ்சி திரும்பிப் போனது. ரொட்டி வந்தது, ரொட்டி திரும்பிப் போனது. கடைசியில் டாக்டரம்மா சொன்னாள்: “வீட்டுக்கு அனுப்புறேன். ஆனா இவங்க சாப்பிட்டே ஆகணும். சாப்பிடலேன்னா திரும்ப இங்கதான் வரணும், அப்புறம் மூக்குல குழாய்தான். உடம்பு அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.” டாக்டர்கள் இதுவரை சொன்னதில் ரெய்னோ நம்பிய ஒரே பேச்சு அதுதான். தட்டுகள் திரும்பிப் போனதை அவனே கண்ணால் பார்த்திருந்தான்.

“அடியே, எதைக் கொடுத்தாத்தான் திம்பே?” என்று அவள் கட்டிலருகே குனிந்து கேட்டான்.

சைமா சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். “ஹௌகி மீன் சூப்பு. நம்ம ஏரி ஹௌகி. வேற எதையும் என் மூக்குக்கிட்டக் கொண்டுவராதே.”

“நாளைக்கு நான் முன்னால போறேன். மறுநாள் நீ வந்து இறங்கும்போது அடுப்புல கொதிச்சுக்கிட்டிருக்கும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

கடையில் வாங்கிவிட முடியாது. கடையில் இருப்பது நார்வேக்காரன் கூண்டில் வளர்த்த சிவப்பு மீன். ஹௌகியை யாரும் விற்பதில்லை. வேண்டியவன் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டு முற்றத்துக்கு வந்ததும் ரெய்னோ முதலில் பார்த்தது படகுத்துறையை. துறைக்குப் பக்கத்தில் பனிக்கட்டியின் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு ஊசியிலைக் கொப்பு நட்டிருந்தது. அதன் அடியில் பலகைகளைப் போட்டு மூடி, மேலே பனியை அள்ளிப் போட்டிருந்தார்கள். இங்கே துளை இருக்கிறது, காலை வைக்காதே என்பதுதான் கொப்புக்கு அர்த்தம். அது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் என்ன துளை? யார் போட்டது?

ரெய்னோவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முனையில் கோடை வீடு கட்டியிருக்கும் தலைநகரத்து ஆட்கள்! குளிர்காலத்தில் வந்து, துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பனித்துளைக்குள் இறங்கி, ‘ஆகா ஊகூ’ என்று கத்திவிட்டு ஓடுவார்கள். உடம்புக்கு நல்லதாம். போன வருஷம் வந்து, “உங்க துறைகிட்ட ஒரு குளிக்கிற துளை வெட்டிக்கலாமா ஐயா?” என்று கேட்டார்கள். கேட்டவர்களை அவன் விரட்டிய விரட்டில் அவர்களுடைய நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

“ஆள் இல்லேன்னதும் வெட்டிட்டானுங்க பாரு” என்று பல்லைக் கடித்தான். கொப்பைப் பிடுங்கிக் கரையில் எறிந்தான். பலகையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அம்மணமாகக் குளித்த தண்ணீரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கடப்பாரையையும் துளையில் மிதக்கும் பனித்துண்டை அள்ளுகிற ஜல்லிக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு நேராகத் தூண்டில்களைப் பார்க்கப் போனான்.

அவன் தூண்டில்கள் நாணல் ஓரமாக வரிசையாக இருந்தன. பனிக்கட்டியில் ஒரு துளை. துளைக்குக் குறுக்கே ஒரு தடி. தடியிலிருந்து ஒரு கவட்டைக் குச்சி தொங்கும். அதில் நூல் சுற்றியிருக்கும். முனையில் முள், முள்ளில் உயிரோடு ஒரு குட்டி மீன். ஹௌகி வந்து கவ்வியதும் கவட்டையிலிருந்து நூல் அவிழ்ந்து ஓடும். அவசரப்படாமல் விழுங்கட்டும் என்று விடுவதற்காகத்தான் அந்தச் சுற்று. ஹௌகி பார்க்க அழகில்லாத மீன். வாத்தின் அலகு மாதிரித் தட்டையான வாய், அதற்குள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்த ஊசிப்பற்கள். உள்ளே போனது வெளியே வராது.

செத்து ஊறிப்போன மீன்களைத்தான் பார்க்கப்போகிறோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதல் துளையிடம் வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

துளை உறைந்து மூடவில்லை. கண்ணாடி மாதிரி மெல்லிய ஏடுதான் படிந்திருந்தது. நூலை இழுத்தான். முனையில் புதிய குட்டி மீன் துள்ளியது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். சுற்றிலும் பனியில் ரத்தத் துளிகள், செதில்கள், பெரிய மீன் புரண்டு அடித்த பள்ளங்கள். ஒரு மீன் இல்லை, பல மீன்கள் இங்கே மேலே வந்திருக்கின்றன. பக்கத்தில் ஓர் உதைவண்டியின் தடம். நின்றுகொண்டு ஒரு காலால் பனியை உதைத்து ஓட்டுகிற அந்தச் சறுக்கு வண்டி அங்கே எல்லாக் கிழவர்களிடமும் உண்டு. ஆனால் இடது பக்கத்துக் கம்பி கோணியிருக்கிற வண்டி ஒன்றுதான். அது தாவெத்தியுடையது.

தடம் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ரெய்னோ கொஞ்ச தூரம் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. திருடன் என்றால் இவனல்லவா திருடன்! என் துளை, என் முள், என் நூல். இரையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, தனக்கு மீன் பிடித்திருக்கிறான்!

குடாவைக் குறுக்கே கடந்து போனான். தாவெத்தியின் வாசலில் நின்று கடப்பாரையால் படியைத் தட்டினான்.

“யோவ்! வெளிய வா!”

தாவெத்தி கம்பளிக் காலுறையோடு, கையில் காப்பிக் கோப்பையோடு வந்தான். ஒல்லியான, தொங்கு மீசைக்காரன். “அட, வந்துட்டியா? சைமா எப்படி இருக்கா?”

“சைமா பேச்சை எடுக்காதே. என் தூண்டில்ல எவன் கை வச்சான்?”

“நான்தான்.”

இல்லை என்பான், பிடித்து உலுக்கலாம் என்றுதான் ரெய்னோ வந்திருந்தான். “ஒத்துக்கிறியா?”

“இதுல ஒத்துக்க என்ன இருக்கு? நீ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டே. மீன்களை எல்லாம் நான்...”

“தின்னுட்டே! எத்தனையைத் தின்னே? நான் ஆஸ்பத்திரியில உக்காந்து சாகுறேன், நீ இங்க உக்காந்து என் மீனைத் தின்னுக்கிட்டிருக்கே. திருட்டுப்பயலே!”

தாவெத்தி காப்பிக் கோப்பையைப் படியில் வைத்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

“நான் சொல்லவந்ததைக் கேக்குறியா, இல்லையா?”

“திருடன் சொல்றதைக் கேக்க நான் வரலை.”

“அப்போ சரி” என்றான் தாவெத்தி. “கண்ணு தெரியுதில்லே உனக்கு? தெரிஞ்சா நீயே பாத்துக்க.”

கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஓங்கி அடித்திருந்தால்கூட ரெய்னோவுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். மெதுவாக, சத்தமே இல்லாமல் சாத்தினான். அதுதான் பொறுக்கவில்லை.

அன்று பொழுது சாயும்வரை ரெய்னோ ஏரியில் கிடந்தான். துளை மாற்றிப் பார்த்தான். ஆழத்தை மாற்றிப் பார்த்தான். நாணலுக்குள்ளேயே புதிதாக வெட்டிப் போட்டான். ஒரு கவட்டையும் அவிழவில்லை. வானம் கண்ணைக் கூசும்படி வெளுத்துக் கிடந்தது. இந்த மாதிரி வெயிலில் ஹௌகி மூக்கைக்கூட அசைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் திரும்பவும் ஓடினான்.

ஓடும்போது துறையைப் பார்த்தான். அவன் பிடுங்கி எறிந்த கொப்பு திரும்பவும் அதே இடத்தில் நட்டிருந்தது.

“வந்து குளிச்சிட்டுப் போயிருக்கானுங்க!” என்று உரக்கவே கத்தினான். பிடுங்கி எறிய அப்போது நேரமில்லை. மதியத்துக்கு மேல் சைமாவின் வண்டி வந்துவிடும்.

மதியம்வரை கிடைத்தது விரல் நீளத்தில் ஒரே ஒரு வரிமீன். அதைப் பூனைக்குக் கொடுத்தால் பூனை அவமானப்படும். ரெய்னோ அதைத் துளைக்குள்ளேயே விட்டான். கொஞ்ச நேரம் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து சைமா அவனிடம் வாய் திறந்து கேட்ட பொருள்கள் ரொம்பக் கொஞ்சம். அதிலும் ‘இதைக் கொண்டுவா, நான் சாப்பிடுகிறேன்’ என்று கேட்டது இதுதான் முதல் தடவை. ஏரி நிறைய மீன் இருக்கிறது. அவன் கையில் ஒன்று இல்லை.

வண்டி வந்தது. ஓட்டுகிற பெண் சைமாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டாள். மேல்சட்டைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேடவேண்டியிருந்தது, அப்படி இளைத்திருந்தாள். சமையலறை ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பானையில் தண்ணீர் இருந்தது. பலகையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் நறுக்கிக் கிடந்தன.

“கொதிக்கலையே” என்றாள்.

“கொதிக்கும்.”

“எதைப் போட்டுக் கொதிக்கும்?”

ரெய்னோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். “தாவெத்தி தின்னுட்டான்.”

“என்னது?”

“நம்ம தூண்டில்ல விழுந்ததை எல்லாம் அவன் எடுத்துத் தின்னுட்டான். கேட்டேன், ஒத்துக்கிட்டான். எடுத்தேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்றான்.”

சைமா சிரிக்க முயன்றாள். தையல் போட்ட வயிறு இடம் கொடுக்கவில்லை. “தாவெத்தியா? ஹௌகியையா? அவனுக்கு மீன்முள்ளைக் கண்டாலே பயம், கிழவா. அவன் பொண்டாட்டி ஹில்மா இருந்த வரைக்கும் அவதான் முள்ளு பொறுக்கிக் கொடுப்பா. அவ போனப்புறம் அந்த வீட்ல மீன் வாசனையே வந்ததில்லை. பாக்கெட்டுல வர்ற மசாலா இறைச்சியையே வாட்டித் தின்னுக்கிட்டிருக்கான்.”

“அப்போ வித்திருப்பான்.”

“ஹௌகியை யாருடா வாங்குவான்?” சைமா அலுத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். “அது என்ன துறைகிட்ட கொப்பு?”

“கேக்காதே. முனை வீட்டுக்காரனுங்க. அம்மணக்குண்டிகளாக் குளிக்கிறதுக்குத் துளை வெட்டியிருக்கானுங்க. நேத்திப் பிடுங்கி எறிஞ்சேன், திரும்ப வந்து நட்டிருக்கானுங்க.”

“அங்கயா? இடுப்பளவு தண்ணி, அதுக்குக் கீழ முழங்கால் வரைக்கும் சேறு. எவன் அங்க வந்து குளிப்பான்? வெளிய வரும்போது பன்னி மாதிரியில்ல வருவான்.” ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். “அது நம்ம மீன்பெட்டி கிடக்குற இடம்.”

“பெட்டி கொட்டகையில இருக்கு.”

“எந்தக் கொட்டகையில? எப்போ இழுத்துப் போட்டே?”

ரெய்னோ யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு வருஷமும் ஏரி உறைவதற்கு முன்னால் அந்த மரப்பெட்டியைக் கரைக்கு இழுத்து, கழுவி, கொட்டகையில் கவிழ்த்துவிடுவான். பக்கமெல்லாம் துளை போட்ட பெட்டி அது. கோடையில் பிடித்த மீனைச் சமைக்கும்வரை உயிரோடு வைக்க, துறைக் கம்பத்தில் கட்டித் தண்ணீருக்குள் விட்டிருப்பான். இந்த இலையுதிர் காலத்தில் அதை இழுத்தது எப்போது? முதல் உறைபனி விழுந்த அன்று சைமா கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் ரத்தப் பரிசோதனை. அதற்கப்புறம் அந்த டாக்டர், இந்த டாக்டர்.

இழுக்கவே இல்லை.

கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான். தொப்பி இல்லை, கையுறை இல்லை. கொப்பை ஓரமாக நகர்த்தினான். பனியைக் காலால் தள்ளிவிட்டுப் பலகைகளைத் தூக்கினான்.

குளிக்கிற துளை இல்லை அது. ஒரு பெட்டி அளவுக்கு, நாலு பக்கமும் கடப்பாரையால் நேராக வெட்டிய துளை. பனிக்கட்டிக்குள் இறுகிப்போயிருந்த பெட்டியை யாரோ சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, மரத்தில் ஒரு கீறல் விழாமல் விடுவித்திருந்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் கனமான பனிக்கட்டி. சுவரில் கடப்பாரை பட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன. வேறு யார், தாவெத்திதான். அவனுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம், போத்தல் மூடியைத் திறக்கக்கூட வாயால் கடிப்பான் என்பது ஊருக்கே தெரியும். கம்பத்திலிருந்த பழைய கயிறு இற்றுப்போயிருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு நீலநிறப் புதுக் கயிறு கட்டியிருந்தான்.

ரெய்னோ மண்டியிட்டுப் பெட்டி மூடியைத் திறந்தான்.

உள்ளே ஹௌகிகள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, எல்லாம் ஒரே மூலையைப் பார்த்தபடி, செவுள்களை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டு இருந்தன. பச்சை முதுகும் மஞ்சள் புள்ளிகளுமாக, வெயில் பட்டதும் மினுங்கின. ஒன்று கை நீளத்துக்கு மேல், சினை வைத்து வயிறு உப்பியிருந்தது. அது வாலை ஒரு தட்டுத் தட்டி அவன் முகத்தில் தண்ணீரை அடித்தது. தூண்டிலில் ஏன் ஒன்றும் விழவில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த நாணல் ஓரத்து ஹௌகி எல்லாம் இங்கேயல்லவா இருக்கின்றன!

நேற்று தான் கத்தினது எல்லாம் காதில் திரும்ப ஓடியது. தாவெத்தி ஒவ்வொரு நாளும் குடாவைக் கடந்து வந்து, துளைகளின் ஏட்டை உடைத்து, மீனைக் கழற்றி, வாளித் தண்ணீரில் போட்டு, உதைவண்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பவும் போய் இரை மாட்டியிருக்கிறான். யாரும் கேட்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. நேற்று அத்தனை பேச்சு வாங்கிய பிறகும், துளைமேல் கொப்பு இல்லையே, எவனாவது விழுந்துவிடுவானே என்று திரும்ப வந்து நட்டிருக்கிறான். அந்த எவனாவது யாராக இருந்திருக்கும்? ரெய்னோதான்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். எல்லாமே ஏரித் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

சினை மீனை விட்டுவிட்டான். நடுத்தரமான ஒன்றைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினான். தலையில் ஒரே அடி. வழவழப்பைச் சாம்பலால் தேய்த்து, செதிலைச் சுரண்டி, தலையை வெட்டிப் பானைத் தண்ணீரில் போட்டான். தலையில்தான் ருசி. பிறகு சதையைப் பலகையில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முள்ளைப் பொறுக்கத் தொடங்கினான். ஹௌகியின் உடம்பு முழுக்கக் கவட்டை கவட்டையாக முள். வழக்கமாக அதை யாரும் பொறுக்குவதில்லை, தின்னும்போது துப்பிக்கொள்வார்கள். ரெய்னோ ஒவ்வொன்றாக விரலால் தடவிக் கண்டுபிடித்து இடுக்கியால் பிடுங்கினான். கண் சரியாகத் தெரியாத இடத்தில் உதட்டால் தடவிப் பார்த்தான்.

“எல்லாத்தையும் எடுக்கப்போறியா?” என்று கேட்டாள் சைமா.

“வாயை மூடிக்கிட்டு உக்காரு.”

தலை வெந்த சாறை வடித்து, கிழங்கும் வெங்காயமும் மிளகும் போட்டு, கிழங்கு உடையும் பதத்தில் மீனைச் சேர்த்தான். பால் ஊற்றி, வெண்ணெய் ஒரு கட்டி போட்டான். சமையலறை முழுக்க மணம் சுற்றியது. கறுப்பு ரொட்டியும் ஒரு கிண்ணம் சூப்பும் அவள் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பைக் கிளறுகிறவன் மாதிரி நின்றான். கண் கரண்டியின் மேல்தான் இருந்தது.

சைமா ஒரு வாய் எடுத்தாள். விழுங்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஆஸ்பத்திரித் தட்டுகள் ஒவ்வொன்றாக ரெய்னோவின் கண் முன்னால் திரும்பிப் போயின.

“உப்பு பத்தலை” என்றாள் சைமா.

இந்தத் திட்டு கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! உப்புப் பாத்திரத்தை எடுத்த அவசரத்தில் பாதியைத் தரையில் கொட்டினான். அவளே போட்டுக் கலக்கிக்கொண்டாள். ஒரு வாய், இன்னொரு வாய், ரொட்டியைத் தோய்த்து ஒரு கடி. கிண்ணத்தின் அடி தெரிந்தது. அவள் நெற்றியில் மெல்ல வியர்த்தது.

“போதும், ஒரேயடியாத் தின்னாதே.”

“நீ டாக்டரா? ஊத்து.” அவன் ஊற்றும்போது சொன்னாள்: “தூக்குவாளியில கொஞ்சம் எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

“எங்க?”

“எங்கன்னு தெரியாதா உனக்கு? முள்ளு இல்லேன்னு சொல்லிக் கொடு.”

வெளியே இன்னும் வெயில் இருந்தது. ரெய்னோ தன் உதைவண்டியில் தூக்குவாளியைத் துணி சுற்றி வைத்துக்கொண்டு குடாவைக் கடந்தான். நேற்று ஓடி வந்த அதே வழி இன்றைக்கு நீளமாக இருந்தது. என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தான். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வாய். திட்டுவதற்குத்தான் அதற்கு வார்த்தை தயாராக இருக்கும்.

கதவைத் தட்டினான். கையால்தான், கடப்பாரையால் இல்லை.

தாவெத்தி திறந்தான். வாளியைப் பார்த்தான். “என்ன?”

“சூப்பு.”

“திருடன் வீட்டுக்கா?”

ரெய்னோ வாளியை அவன் கையில் திணித்தான்.

“பாத்துட்டியா?” என்று கேட்டான் தாவெத்தி.

“பாத்தேன்.”

“எப்போ?”

“இப்போதான். சைமா சொல்லி.”

“இப்போதானா? ஆள் உயரத்துக்குக் கொப்பு நட்டிருந்தேனேய்யா! உன் துறையில, உன் பெட்டிமேல! அதுக்குமேல என்ன செய்யணும்? மணி கட்டித் தொங்கவிடணுமா?”

“முனை வீட்டுக்காரனுங்க குளிக்கிறதுக்கு வெட்டின துளைன்னு நினைச்சேன்.”

தாவெத்தி அவனை உற்றுப் பார்த்தான். மீசை ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. “அந்தச் சேத்துலயா?”

“ஆமா.”

“அம்மணமா?”

“ஆமாய்யா.”

தாவெத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இருமி இருமிச் சிரித்தான். “அதுக்குத்தான் பிடுங்கி எறிஞ்சியா? நான் உன் கோவம் என்மேலன்னு நினைச்சேன். ஏய்யா, நீ தனியா இருக்கும்போது உன் மண்டைக்குள்ள யார்யாரெல்லாம்தான்யா குளிக்கிறாங்க?”

ரெய்னோவும் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றினான்.

“தாவெத்தி. அவ சாப்பிட்டா.”

“அப்படியா?”

“ரெண்டு கிண்ணம். உப்பு பத்தலைன்னு என்னைத் திட்டினா.” தொப்பியைக் கையில் திருகினான். “நீ அந்த மீனை எடுத்து வைக்கலேன்னா... நான் உன்னைத் திருடன்னு... உனக்குக் கடமைப்பட்டிருக்கேன்யா. ரொம்ப நன்றி.”

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பாரம் இறக்கினவன் மாதிரிப் பெருமூச்சு விட்டான்.

தாவெத்தி அவனைப் பார்க்காமல் வாளியின் மூடியைத் திறந்து பார்த்தான். “முள்ளு இருக்குமே.”

“ஒண்ணுகூட இல்லை. நானே பொறுக்கினேன்.”

“நீயா?” மூக்கை வாளிக்குள் விட்டு மணம் பிடித்தான். கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவே இல்லை. “ஹில்மா வச்ச மாதிரியே இருக்கு” என்றான் குரல் இறங்கி. பிறகு நிமிர்ந்தான். “சரி சரி, கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் குளிரை உள்ள விடாதே. ஒண்ணு உள்ள வா, இல்லே போ. அந்தப் பெரிய சினை மீனு இருக்கா? அதை வெட்டிடாதே. என் கையை ஒரு கடி கடிச்சிட்டுத்தான் பெட்டிக்குள்ள போச்சு. பனி உருகினதும் அதை ஏரிக்கே விட்டுடு.”

“விட்டுடறேன்” என்றான் ரெய்னோ. தாவெத்தி வாளியைப் பிடித்திருந்த கையில் பல் கிழித்த கோடுகள் பொருக்காகியிருந்ததை அப்போதுதான் கவனித்தான். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றுதான் அவனால் முடியும்.

காப்பி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினான். சூப்பைத் தொடவில்லை. அது தாவெத்தியின் பங்கு. தன் பங்கு பானையில் இருக்கிறது என்ற நினைப்பில், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த கிழவன் வண்டியை வேகமாக உதைத்தான்.

சைமா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். கன்னத்தில் ஒரு கிழங்குத் துணுக்கு ஒட்டியிருந்தது. ரெய்னோ ஓசைப்படாமல் அடுப்பங்கரைக்குப் போய்ப் பானை மூடியைத் தூக்கினான்.

பானை காலி. அடியில் ஒட்டியிருந்ததைக்கூடக் கரண்டியால் வழித்துத் தின்றிருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். கிழவன் கொஞ்ச நேரம் அந்தக் காலிப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைவிட நல்ல காட்சியை அவன் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. பிறகு காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, பானையின் உள்பக்கமெல்லாம் சுற்றித் துடைத்து, சைமா பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் மென்று தின்னத் தொடங்கினான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.